பழைய சிபியு, புதுக் கார்டு: டிஸ்பிளே வராவிட்டால், ரீஸ்டார்ட் ஆனால் எங்கே பார்ப்பது

செங்கோட்டையில் கடை என்பதால் மலைக்கு இரு பக்கத்துச் சிபியுவும் என் மேஜைக்கு வந்துவிடும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தவை பைக்கின் பின்சீட்டில் கயிறு கட்டி வரும். ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து வருபவை பஸ்ஸில், யாராவது ஒருவர் மடியில். 1956 வரை இந்த ஊரே அந்தப் பக்கத்தோடு இருந்ததுதானே, போக்குவரத்து விட்டுப்போகவில்லை.

வரும் கேஸ் பெரும்பாலும் ஒரே மாதிரி. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய மெஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு, மாட்டிய அன்றே தகராறு. "சேட்டா, கார்டு கம்ப்ளெயின்ட் ஆணு" என்று கொண்டுவருவார்கள். கழற்றி என் டெஸ்ட் மெஷினில் போட்டால் கார்டு கல்லுப்போல ஓடும். இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர்க் கரண்டை மாற்றி மெஷினுக்குத் தரும் பவர் பெட்டி.

கீழே இருப்பது நான் பார்க்கும் வரிசை. ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், காசு போகும் வேலை கடைசியில். உங்கள் மெஷின் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். உள்ளே கை வைக்கும் முன் சுவரிலிருந்து பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்க வேண்டாம்.

இன்னும் கார்டே வாங்கவில்லை என்றால்

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள். "450 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். கீழே சின்னக் கட்டங்களில் 3.3, 5, 12 வோல்ட் என்று இருக்கும். கார்டும் பிராசஸரும் தின்பது 12 வோல்ட்டிலிருந்துதான். அதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். கேபினட்டோடு சேர்ந்து வந்த பல "450 வாட்" பெட்டிகளில் அங்கே 14 ஆம்பியர்தான் இருக்கும். 14-ஐ 12-ஆல் பெருக்கினால் 168 வாட். மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடக்கும், கார்டுக்கு அதனால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

இப்போது செலவுப் பக்கம். ஐ5 3470 மாதிரி ஒரு பிராசஸருக்கு 77 வாட். தனி பவர் பிளக் இல்லாத கார்டு ஸ்லாட்டிலிருந்து எடுக்கக்கூடியது 75 வாட் வரை. போர்டு, டிஸ்க், காற்றாடிகளுக்கு ஒரு 40 வையுங்கள். 192 ஆகிவிட்டது. 168-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்ய? கம்ப்யூட்டர் ஆன் ஆகும், விண்டோஸும் வரும், கேமைத் திறந்ததும் படுத்துக்கொள்ளும்.

12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தரும் எஸ்எம்பிஎஸ் கையில் இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று வந்து நிற்பவர்களிடம் நான் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் வாங்கச் சொல்வேன். கார்டை அடுத்த மாதம் பார்க்கலாம்.

பழைய மெஷினுக்குத் தனி பிளக் வேண்டாத கார்டுதான் நிம்மதி. ஜிடி 1030-க்கு 30 வாட். ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட். 1050 டிஐ-யும் 1650-ம் 75 வாட், ஆனால் 1650-இல் சில கம்பெனிகள் ஆறு பின் பிளக் வைத்தே விற்கின்றன, படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பெயர் மாறாமல் டிடிஆர்4 போட்டு வந்த வகை ஆமை.

ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட்தான், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது போர்டோடு பேசுவது நாலே வழித்தடத்தில். எச்81 மாதிரிப் பழைய போர்டில் மாட்டினால் அந்த நாலும் பழைய வேகத்தில் ஓடும், கார்டு மூச்சு வாங்கும். கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டுடியோ தம்பிகளுக்கு இன்னொரு விஷயம். ஆர்எக்ஸ் 6400, ஜிடி 1030 இரண்டிலும் வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் என்கோடர் கிடையாது. எக்ஸ்போர்ட்டுக்குக் கார்டு கைகொடுக்கும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

அறிகுறி: காற்றாடி எல்லாம் சுற்றுகிறது, திரை கறுப்பு

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? வெட்கப்பட ஒன்றுமில்லை. போன மழையில் ஒரு அண்ணாச்சி இலஞ்சியிலிருந்து சாரலில் நனைந்துகொண்டே தூக்கி வந்தார்.

"கேபிளை வீட்டில் எதில் மாட்டினீங்க அண்ணாச்சி?"

"எப்பவும் மாட்டுற இடத்துலதான்."

எப்போதும் மாட்டுகிற இடம் மதர்போர்டு. கார்டு போட்டபின் பல போர்டுகளில் அந்த வாய் செத்துவிடும். கார்டில் உள்ள வாயில்தான் மாட்ட வேண்டும். அவரிடம் நான் காசு வாங்கவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா? 1050 டிஐ, 1650 போன்றவற்றில் பழைய விஜிஏ சிக்னலே வெளியே வராது. மலிவாக விற்கும் டிவிஐ-விஜிஏ பின்மாற்றி அங்கே வெறும் பிளாஸ்டிக். உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். 750 டிஐ-யில் இந்தத் தொல்லை குறைவு.

கார்டின் தலையில் ஆறு அல்லது எட்டு பின் வாய் இருந்தும் காலியாக இருக்கிறதா? அதுதான் காரணம், மேலே தேட வேண்டாம்.

அதுவும் சரி என்றால் கார்டைக் கழற்றி மீண்டும் உட்கார வையுங்கள். ஸ்லாட்டின் வால் பக்கத்துக் கொக்கி 'டக்' என்று விழ வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மலிவு கேபினட்டுகளில் தகடு வளைந்திருக்கும். கார்டைத் தகட்டோடு பிடிக்கும் ஸ்க்ரூவை இறுக்கும்போது கார்டின் வால் பக்கம் ஒரு நூல் அளவு மேலே எழும். கண்ணுக்குத் தெரியாது, டிஸ்பிளேவும் வராது. ஸ்க்ரூ போடாமல் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். படம் வந்தால் தகட்டை லேசாக நிமிர்த்திவிட்டு ஸ்க்ரூ போடலாம். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைப்பதும் இந்த நேரத்திலேயே. ரேமுக்கும் அதே வைத்தியம், ஏனென்றால் கார்டை அழுத்திச் செருகும்போது பக்கத்து ரேம் நகர்ந்திருக்கும்.

இன்னும் கறுப்புத்தானா? கார்டை முழுக்கக் கழற்றி வைத்துவிட்டுப் போர்டிலேயே மானிட்டரை மாட்டுங்கள்.

கார்டு இல்லாமலும் படம் வரவில்லை என்றால் சந்தேகம் ரேம் மேல், அல்லது பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பேட்டரி மேல். அந்தக் காசு அளவு சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள், திரும்பப் போடும் முன் மீட்டரில் பாருங்கள். 3 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால் புதிது போடுங்கள்.

கார்டு இல்லாமல் படம் வருகிறது, போட்டால் வரவில்லை என்றால் போர்டின் வயதைப் பாருங்கள். ஜி31, ஜி41 காலத்துப் போர்டுகளில் பழைய பயாஸ்தான், அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ என்ற புது வகை கிடையாது. புதிதாக வந்த கார்டுகள் சில யுஇஎஃப்ஐ இல்லாமல் வாயே திறக்காது. இதற்குச் செட்டிங் எதுவும் இல்லை. வேறு கார்டு, அவ்வளவுதான். அதுவே எச்61-க்குப் பிந்திய போர்டு என்றால் கம்பெனி தளத்தில் புது பயாஸ் இருக்கிறதா பாருங்கள். போர்டு புதிது, கார்டு பழசு என்று தலைகீழாக இருந்தால் பயாஸுக்குள் போய் 'செக்யூர் பூட்' என்பதை அணைத்து, பழைய முறையிலும் எழவிடும் 'சிஎஸ்எம்' என்பதை ஆன் செய்தால் பல நேரம் எழுந்துவிடும்.

கடைசியாக, கார்டை வேறு ஒரு நல்ல மெஷினில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் கார்டு போய்விட்டது. வேறு மெஷின் இல்லாதவர்கள் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய இடம் இது.

அறிகுறி: பட்டனை அழுத்தினால் ஒரு துடிப்பு, அப்புறம் அமைதி

காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்.

கழற்றியதும் ஓடுகிறதா? கார்டுக்குப் போகும் பிளக்கைக் கையில் எடுத்து மஞ்சள் வயரை எண்ணுங்கள். கார்டுக்கான எட்டு பின்னில் மூன்று மஞ்சள், ஐந்து கறுப்பு. பிராசஸருக்கான எட்டு பின்னில் நாலு மஞ்சள், நாலு கறுப்பு. இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். வாய் ஒத்துக்கொள்ளாது, ஆனால் கையில் பலம் உள்ளவர்கள் அழுத்திப் போட்டுவிடுகிறார்கள். போட்டால் நேர் ஷார்ட். வயர் தனித்தனியாகக் கழலும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு கம்பெனி வயரை அதில் மாட்டினீர்களா என்று யோசியுங்கள். கார்டு பக்க வாய்தான் எல்லாக் கம்பெனிக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசை.

கழற்றியும் ஓடவில்லையா? போர்டிலிருந்து 24 பின் பிளக்கை உருவி, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றையோ கேபினட் காற்றாடியையோ சுமையாக மாட்டி, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணையுங்கள். சுவர் ஸ்விட்சை அதற்கு அப்புறம்தான் போட வேண்டும். எஸ்எம்பிஎஸ் காற்றாடி சுற்றாவிட்டால் அது முடிந்தது. சுற்றினால் மீட்டரை வையுங்கள். மஞ்சளில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில், சிவப்பில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் காற்றாடி சுற்றியதை மட்டும் வைத்து "எஸ்எம்பிஎஸ் ஓகே" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். காலி வண்டி மேடேறுவது போலத்தான் அது.

பின்பக்கம் சிவப்பு நிறத்தில் 115/230 தள்ளு ஸ்விட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். 115-இல் வைத்து நம் ஊர்க் கரண்டில் ஆன் செய்திருந்தால் பார்க்க வேறொன்றும் மிச்சம் இருக்காது.

அறிகுறி: கேம் திறந்தால், எக்ஸ்போர்ட் போட்டால் பட்டென்று ரீஸ்டார்ட்

எனக்கு அதிகம் வருவது இதுதான். எப்படி விழுகிறது என்று முதலில் கவனியுங்கள். நீலத் திரை வந்து விழுந்தால் டிரைவர் அல்லது ரேம். படம் திக்கித் திக்கி ஓடி, காற்றாடி இரைந்து, பிறகு விழுந்தால் சூடு. எந்த அறிவிப்பும் இல்லாமல், கரண்ட் போனது போல விழுந்தால் பவர்.

பவர் என்று தோன்றினால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, பவர் லிமிட் (கார்டு இழுக்கும் பவருக்கு உச்சவரம்பு) என்பதை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே கேமை அரைமணி நேரம் ஓட்டுங்கள். விழாமல் ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. சும்மா இருக்கும் நாலு பின் பிளக்கில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்துக்கொண்டு கேமை ஓட்டுங்கள். விண்டோஸ் திரையில் 11.9 காட்டியது, கேமில் நுழைந்ததும் 11.5, 11.3, 11.1 என்று படியிறங்குவதை ஸ்டுடியோ தம்பி ஒருவனுக்குக் கண்முன்னே காட்டினேன். 11.1-இல் மெஷின் விழுந்தது. அதற்குப்பின் அவன் கார்டைப் பற்றிப் பேசவில்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றக் காசை எடுப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று சுவர். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் விழுகிறதா? பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். லைனின் கடைசிக் கம்பத்து வீடுகளில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 நிற்கும். மலிவு எஸ்எம்பிஎஸ்கள் 180-க்குக் கீழே திணறும். ஸ்டெபிலைசர் போதும், அல்லது ஈபி ஆபீஸில் புகார். சுவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கூடவே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது யுபிஎஸ். 600 விஏ யுபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான், அதில் மானிட்டரும் தொங்கும். கரண்ட் போகும் நொடியில் மட்டும் மெஷின் விழுகிறது என்றால் கார்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டையும் விட்டுவிட்டு யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்புறம் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். சாதாரண மோடில் கைமாறும் நேரம் பல்புக்குப் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது.

அப்புறம் அடாப்டர். கார்டுக்கு ஆறு பின் வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை, ஆகவே ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா பிளக்கிலிருந்து ஆறு பின்னாக மாற்றும் குட்டி வயர் ஒன்றைப் போட்டிருப்பார்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர், மொத்தம் 54 வாட். ஆறு பின் வாய் கேட்கக்கூடியது 75. என் மேஜை டிராயரில் இப்படி உருகிய பிளக் ஒன்றை வைத்திருக்கிறேன். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, நடுவில் கருப்பட்டிப் பாகு போல ஒழுகி, உள்ளே இருந்த பின் வயரோடு ஒட்டிப்போயிருக்கும். அடாப்டர் வேண்டாம் என்று வாயால் சொன்னால் கேட்காதவர்களிடம் அதை எடுத்துக் கையில் கொடுப்பேன். பிளக் இல்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் அது அந்தக் கார்டுக்கு ஏற்றதில்லை, அவ்வளவே.

சூடு என்று தோன்றினால்: கார்டின் வெப்பம் 85 டிகிரிக்கு மேலே ஏறுகிறதா பாருங்கள். இங்கே ஜூன் தொடங்கிச் சாரல் காற்று கணவாய் வழியாக வீசும் மாதங்களில் தூசி தூசியாக இருக்காது. ஈரம் குடித்துக் கம்பளி போல ஹீட்சிங்க்கில் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) அப்பிக்கொள்ளும். ப்ளோயர் அடிக்கும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேரிங் போகும். அதன் பிறகும் குறையவில்லை என்றால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட்டை மாற்ற வேண்டும். நிதானமான கை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யலாம்.

எல்லாம் பார்த்தும் விழுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

அறிகுறி: திரையில் கோடு, கட்டம், பூச்சி

கேபிளை மாற்றிப் பாருங்கள். டிரைவரை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். ஆன் செய்தவுடன் வரும் கம்பெனி லோகோவிலேயே கோடு தெரிந்தால் டிரைவர் மேல் பழியில்லை, கார்டின் மெமரியோ சிப்போ போய்க்கொண்டிருக்கிறது. சமையல் ஓவனில் கார்டை வைத்துச் சுட்டால் சரியாகும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு வாரம் ஓடும், அப்புறம் பழைய குருடி. அந்த ஓவனில் மறுபடி சமைக்காதீர்கள். சிப்பைக் கழற்றிப் புதிதாகச் சோல்டர் வைத்து ஒட்டும் ரீபால் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் 1050 டிஐ அளவுக் கார்டுக்கு அந்தக் கூலி கட்டாது.

அறிகுறி: கார்டு ஓடுகிறது, டிரைவர் ஏறவில்லை

ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை இறக்கித் திறந்து பாருங்கள். சில வருடங்களுக்கு முன் 1050 டிஐ என்ற பெயரில் போலிகள் நிறைய வந்தன. உள்ளே இருப்பது 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450. அசல் 1050 டிஐ-யில் 768 கோர், இதில் 192. போலி என்று கண்டுபிடித்தால் அந்த மென்பொருள் பெயருக்கு முன்னாலேயே "ஃபேக்" என்று போட்டுவிடும். 1050 டிஐ என்கிறார்கள், பின்பக்கம் நீல விஜிஏ வாய் இருக்கிறது என்றால் வாங்கும்போதே சந்தேகப்படுங்கள்.

கார்டு அசல்தான் என்றால் வயதைப் பாருங்கள். ஜிடி 710 போன்ற கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியாவின் புது டிரைவர் 2021 அக்டோபரோடு நின்றது, 470 வரிசையைத் தேடிப் போட வேண்டும். 750 டிஐ, 1050 டிஐ இரண்டுக்கும் 580 வரிசை கடைசி. 1650 இன்னும் தப்பித்திருக்கிறது.

அறிகுறி: புது எஸ்எம்பிஎஸ் போர்டில் சேரவில்லை

கம்பெனி ஆபீஸ் மெஷின் வாங்கியவர்களுக்கு வருவது. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020-இல் போர்டுக்கு 24 பின் கிடையாது, எட்டு பின். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் ஆறு. லெனோவோ எம்93பி-யில் 14. மாற்று வயர் கிடைக்கிறது, மாடலைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பெட்டி ஒல்லி மாடல் என்றால் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காரவே உட்காராது, கார்டும் குட்டை வகையாக இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு நான் பிளக் இல்லாத குட்டைக் கார்டு போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமல் விட்டுவிடுவேன்.

அறிகுறி: வாடை

தீய்ந்த வாடை, பட்பட் சத்தம், தொட்டால் லேசாக ஷாக். இதில் வரிசை கிடையாது. பிளக்கை உருவுங்கள், கடைக்குக் கொண்டுபோங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி வரை நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

தென்மலையிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்தான். கார்டு எரிந்துவிட்டது என்று அவனே முடிவு கட்டி, வீட்டில் திட்டும் வாங்கியிருந்தான். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து, கெப்பாசிட்டரை வடித்துவிட்டுப் பார்த்தேன். சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி ஒன்று இரண்டு சோல்டர் புள்ளிகளுக்கு நடுவே, முன்கால் ஒன்றிலும் வால் ஒன்றிலுமாக, அப்பளம் போலப் பொரிந்து கிடந்தது. பின்பக்கம் காலி ஸ்லாட் தகடு ஒன்று இல்லை, அந்த வழியாக உள்ளே போயிருக்கும். எஸ்எம்பிஎஸ் மாற்றி, தகடு ஒன்று தேடிப் போட்டு, கார்டை மாட்டினேன். படம் வந்தது. "வீட்டுல அப்பாவுக்கு நீங்களே ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க அண்ணா" என்றான். பண்ணினேன்.